இடது பக்கப் பெட்டி

— இரு, இரு. நீ பாட்டுக்கு ஹாரன் அடிக்கிற மாதிரி அழுத்திக்கிட்டே போனா எப்படி அண்ணா? இந்தப் பட்டனை ஒரு தடவை அழுத்தினா ஒரு வரிதான் ஓடும். என்ன மாறுச்சுன்னு பார்த்துட்டு, அப்புறம்தான் அடுத்தது.

— பழக்க தோஷம், வாத்தியாரம்மா. ரைட்டு. ஒண்ணே ஒண்ணு அழுத்திட்டேன்.

— இப்ப என்ன நடந்துச்சு, சொல்லு.

— அம்புக்குறி ஒரு வரி கீழே இறங்குச்சு.

— சரி. வேற?

— வேற என்ன? இறங்குச்சு. இறங்கி நிக்குது.

— கவனி அண்ணா. புரோகிராம்னா உள்ளே என்ன நடக்குதுன்னு வெளியே தெரியாது. புதுசா கத்துக்க வர்றவங்க அதுலதான் தடுமாறுவாங்க. அதனாலதான் எங்க கம்ப்யூட்டர் சென்டர்ல முதல் நாளே இந்த வெப்சைட்டைத் திறந்து வச்சுடுவேன். ஒவ்வொரு வரி ஓடும்போதும் உள்ளே நடக்குறதைப் படமா வரைஞ்சு காட்டிடும். வலது பக்கம் நாம எழுதின வரிங்க. இடது பக்கம் பெட்டி. பெட்டிக்கு ஒரு பேரு, உள்ளே ஒரு நம்பர். வரி ஓடினா நம்பர் மாறும். இவ்வளவுதான் விஷயம்.

— ரைட்டு. நீ சொல்லிக்கிட்டே வா, நான் கேட்டுக்கிட்டே வர்றேன்.

— நான் சொல்லி நீ கேக்குறதுக்கு இது ரேடியோ இல்ல. நீ பார்த்துச் சொல்லணும். தப்பா அழுத்திட்டா பயப்படாதே, கீழே இன்னொரு பட்டன் இருக்கு. ஒரு வரி பின்னாடி போயிடலாம்.

— ரிவர்ஸ் கியர்.

— உனக்கு எல்லாமே வண்டிதான். முதல்ல டீயைக் குடி. வச்சு எவ்வளவு நேரமாச்சு, ஆடை கட்டிப்போச்சு.

— டீயா? எங்கே வச்ச?

— கைக்குப் பக்கத்துலதான் இருக்கு. பார்த்து, தட்டிவிட்டுடப் போற. இந்தா.

— ஆங். உன் கம்ப்யூட்டரைப் பார்த்ததுல டீயும் தெரியல, டம்ளரும் தெரியல.

— பேச்சுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. மத்தியானமும் அப்படித்தான், தட்டுல பாதியை அப்படியே வச்சுட்டு எழுந்துட்ட. வாய்க்குப் பிடிக்கலைன்னா சொல்ல வேண்டியதுதானே.

— உன் சமையலைக் குறை சொல்லிட்டு இந்த வீட்டுப் படி இறங்க முடியுமா? பசியில்லம்மா, அவ்வளவுதான். குருவி எழுந்துட்டாளா?

— தூங்குறா. காலையில இருந்த சூடு இப்ப இல்ல. அவளுக்குக் காய்ச்சல் கூடப் பெரிசில்ல. மாமா வண்டியில தன் சீட்டுல வேற யாராச்சும் உட்கார்ந்துடுவாங்களாம். காலையில அதுக்கு ஒரு அழுகை.

— யாரும் உட்காரலன்னு சொல்லு. காலியாத்தான் வந்துச்சு.

— பெரிய பிள்ளைங்க கேட்டாக்கூட அந்த முன் சீட்டைக் கொடுக்க மாட்டியாமே. ரெண்டாம் வகுப்புப் படிக்கிற வாண்டுக்கு என்ன அவ்வளவு சலுகை? தினமும் மிட்டாய் வேற. கடவாய்ப் பல்லு சொத்தையாயிடுச்சு அண்ணா.

— ஜெயிச்சா கொடுக்கணும்ல. பேச்சு மாறலாமா?

— அப்படி என்னத்தை ஜெயிக்கிறா?

— ஏதோ ஒரு விளையாட்டு. வண்டியில பொழுது போகணும்ல. நீ பாடத்தை நடத்தும்மா. பெல் அடிக்கிறதுக்குள்ள நான் ஸ்கூல் கேட்டுல நிக்கணும்.

— சரி, பழசை மூடிடறேன். உனக்காகவே ஒண்ணு எழுதி வச்சிருக்கேன், பாரு. உன் ஸ்கூல் வேன்தான். பெட்டிக்குப் பேரு ‘வண்டியில்’. ஸ்கூல்ல எத்தனை பேர் ஏறுறாங்களோ, அதுதான் முதல் நம்பர். அப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் இறங்குறவங்களைக் கழிச்சுக்கிட்டே வரும். பெட்டியில பூஜ்யம் வந்துட்டா எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தாச்சு.

— அட. நான் தினமும் மனசுக்குள்ள போடுற கணக்கும்மா இது. கடைசிப் பிள்ளை இறங்கினதும், திரும்பி ஒரு தடவை எல்லா சீட்டையும் பார்த்துட்டுத்தான் கதவைச் சாத்துவேன். ஒரு நாள் ஒண்ணு பின் சீட்டுல தூங்கிக்கிட்டிருந்துச்சு தெரியுமா? கால் செருப்பு மட்டும்தான் தெரிஞ்சுது. தூக்கிக்கிட்டுப் போய் அவங்கம்மா கையில கொடுத்தேன். முழிக்கவே இல்ல.

— தெரியும். நீ சொல்லியிருக்க. அதை நினைச்சுத்தான் எழுதினேன். அழுத்து.

— அழுத்திட்டேன்.

— பெட்டியில எத்தனை?

— பதினொண்ணு.

— எத்தனை?

— பதினொண்ணும்மா. மொத்தம் பன்னிரண்டு. குருவி இன்னைக்கு லீவு. போக, பதினொண்ணு.

— ம். அடுத்ததை அழுத்து. இப்ப?

— முதல் நிறுத்தம், பேக்கரி முக்கு. அங்கே அண்ணன் தம்பி ரெண்டு பேர் இறங்குவாங்க. சின்னவன் தண்ணி பாட்டிலை மறந்துட்டுப் போவான், நான் கூப்பிட்டுக் கொடுப்பேன். ஒன்பது.

— அண்ணா, பெட்டியைப் பார்த்துச் சொல்லு.

— பார்த்துத்தானே சொல்றேன்.

— பெட்டியில முப்பத்தஞ்சு இருக்கு.

— முப்பத்தஞ்சா? அவ்வளவு பேரை ஏத்தினா முதலாளி சந்தோஷப்படுவாரு. போலீஸ்தான் சந்தோஷப்படாது.

— முதல்ல நாற்பது இருந்துச்சு. உன் வண்டிக்கு ஒத்து வராத நம்பரா வேணும்னேதான் போட்டேன். அதையும் வரியில எழுதாம வேற இடத்துல ஒளிச்சு வச்சேன். பெட்டியைப் பார்த்தா மட்டும்தான் தெரியும். எங்க சென்டர்லயும் சிலர் படத்தைப் பார்க்காம, மனசுலயே கணக்குப் போட்டுச் சொல்லுவாங்க. அவங்களைப் பிடிக்கிறதுக்கு நான் வழக்கமா செய்யறது.

— பொல்லாதவ நீ. சொந்த அண்ணனுக்கே பொறி வைக்கிற.

— சிரிக்காதே. இடது பக்கம் பெட்டி இருக்கா?

— இருக்கும்.

— இருக்குமா, இருக்கா?

— திரையில வெயில் அடிக்குது. அந்த ஜன்னலைச் சாத்து முதல்ல.

— சாத்தியாச்சு. இப்ப?

— இரு, கொஞ்சம் திரும்பி உட்காருறேன். ஆங். இந்தா இருக்கே. முப்பத்தஞ்சு. இப்படிக் கொண்டு போய் ஓரத்துல வச்சா யாருக்குத் தெரியும்?

— ஓரத்துல இல்லண்ணா. திரையில பாதி அதுதான்.

— நேரமாகுது. இன்னைக்கு இது போதும்மா.

— உட்காரு. ஒரே ஒரு நிமிஷம். நேரா உட்காரு, தலையைத் திருப்பாதே. இதுல ரெண்டு பக்கத்தையும் இடம் மாத்திக்க ஒரு வசதி இருக்கு. மாத்திட்டேன். இப்ப என்ன தெரியுது?

— பெட்டி. பச்சைக் கலர். மேல ‘வண்டியில்’னு எழுதியிருக்கு. அடேங்கப்பா, இவ்வளவு பெரிசா இருந்துச்சா இது?

— நாம எழுதின வரியெல்லாம் எங்கே?

— ஏன், அழிச்சுட்டியா?

— அழிக்கலண்ணா. பெட்டி இருந்த இடத்துல இருக்கு.

— சாவியை எங்கே வச்சேன் நான்?

— சாவி எங்கிட்ட இருக்கு. என் மூக்கைப் பாரு. மூக்கை மட்டும் பாரு. என் கை தெரியுதா?

— எந்தக் கை?

— ஆட்டிக்கிட்டே இருக்கேன் அண்ணா.

— கையைக் கீழே போடு. வலிக்கப் போகுது.

— எப்ப இருந்து?

— விடும்மா.

— எப்ப இருந்துன்னு கேக்குறேன்.

— போன மாசம். ஒரு நாள் காலையில எழுந்தப்பவே தலை சுத்துச்சு, வாந்தி எடுத்தேன். பித்தமா இருக்கும்னு மறுபடியும் படுத்துட்டேன். எழுந்து பல்லு தேய்க்கப் போனா, கண்ணாடியில என் மூஞ்சி பாதிதான் இருந்துச்சு. தண்ணி அடிச்சுக் கழுவினேன். கண்ணைக் கசக்கினேன். மீதி வரல. கறுப்பாவும் இல்ல, மங்கலாவும் இல்லம்மா. அப்படி ஒரு பக்கம் உலகத்துலயே கிடையாதுங்கற மாதிரி.

— டாக்டர்கிட்ட போனியா?

— போனா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா? முதல்ல சாவியைக் கீழே வைன்னுவாரு.

— அண்ணிக்குத் தெரியுமா?

— தெரியாது. அவ சாப்பாடு போட்டா, ஒரு பக்கம் காலியானதும் தட்டைத் திருப்பி வச்சுக்கிட்டுச் சாப்பிடுவேன். ‘வீட்டுலயுமா ஸ்டியரிங்’னு கேட்டுச் சிரிக்கிறா. இங்கே மத்தியானம் நீ எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்த. திருப்பக் கூச்சமா இருந்துச்சு. விட்டுட்டேன்.

— அதான் திடீர்னு புரோகிராம் கத்துக் கொடுன்னு வந்து நின்னியா? நான் என்னவோ, அண்ணனுக்கு நம்ம வேலை மேல ஒரு மதிப்பு வந்துடுச்சுன்னு நினைச்சு, உங்க மாப்பிள்ளைகிட்ட ரெண்டு நாளா அதையே பேசிக்கிட்டிருந்தேன்.

— மதிப்பு எப்பவும் உண்டு. ஆனா ஸ்டியரிங்கைத் தவிர எனக்கு என்ன தெரியும்? உட்கார்ந்த இடத்துல செய்யற வேலை ஒண்ணு கத்துக்கிட்டா, யாருக்கும் தெரியாம இதுல இருந்து இறங்கிடலாம்னு பார்த்தேன். இங்கேயும் ரெண்டு பக்கமும் பார்க்கணும்னு யாரு கண்டா?

— அப்ப வேன் கண்ணாடி? இடது பக்கக் கண்ணாடி தொங்குதேன்னு கேட்டதுக்கு, யாரோ இடிச்சுட்டாங்கன்னியே.

— யாரும் இடிக்கல. விளக்குக் கம்பம். அது பாட்டுக்கு நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டிருந்துச்சு. நான்தான் போய் உரசினேன்.

— எப்ப?

— இன்னைக்குக் காலையில.

— பிள்ளைங்களை வச்சுக்கிட்டா?

— ம். பயந்துட்டாங்க. ஒண்ணு அழுதுச்சு. இறங்கித் தண்ணி கொடுத்து, தட்டிக் கொடுத்து, அப்புறம்தான் எடுத்தேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லம்மா. கடவுள் பார்த்துக்கிட்டாரு. கும்பிடாம நான் ஒரு நாளும் வண்டி எடுத்ததில்ல, உனக்கே தெரியும்.

— தெரியும். நானும்தான் கும்பிடறேன். ஆனா கடவுள் நமக்குன்னு ரெண்டு கண்ணைக் கொடுத்தது, அவருக்குப் பதிலா நாம கொஞ்சம் பார்க்கணும்னுதானே? எல்லாத்தையும் அவர் தலையிலயே கட்டிட்டா எப்படி? ஒரு பிள்ளை நிக்க வேண்டிய இடத்துல கம்பத்தை நிறுத்தி வச்சாரு. அதுதான் அவர் உனக்குச் சொன்ன சேதி. இன்னொரு தடவை சொல்லுவாருன்னு நினைக்காதே.

— இப்படி எல்லாம் பேசாதே. கேக்கவே கஷ்டமா இருக்கு.

— எனக்கு மட்டும் என்ன? யாருகிட்ட பேசுறேன் நான்? இருட்டுனா பயந்து நடுங்குவேன்னு டியூஷன் வாசல்ல சைக்கிளோட நிப்பியே, அந்த அண்ணன்கிட்டதானே.

— சாவியைக் கொடும்மா. இன்னைக்கு மட்டும்.

— முடியாது.

— கேளு. பெல் அடிக்கப் போகுது. பதினொரு பிள்ளைங்க பையைத் தூக்கிக்கிட்டு கேட்டுல நிக்கும். வேற டிரைவர் கிடையாது. முதலாளிதான் வந்து ஓட்டணும். வரச் சொன்னா ஏன்னு கேப்பாரு.

— கேக்கட்டும். சொல்லு.

— போன்லயா? கடைசி நேரத்துல கூப்பிட்டு, எனக்குப் பாதி கண்ணு இல்லன்னு போன்ல சொல்லச் சொல்றியா? என்னை நம்பித்தானே எத்தனையோ அம்மாங்க கதவைத் திறந்து பிள்ளையை அனுப்புறாங்க. இன்னைக்கு ஒரே ஒரு ட்ரிப். முடிச்சுட்டு நேரா டாக்டர்கிட்ட போவோம், நீயும் வா. நாளைக்குக் காலையில முதலாளி கையில நானே சாவியைக் கொடுத்து, நேர்ல சொல்லிட்டு வந்துடறேன். மரியாதையா இறங்க விடும்மா.

— அப்ப நானும் வண்டியில வர்றேன்.

— குருவியை என்ன பண்ணுவ? காய்ச்சலோட தூங்குற பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வருவியா?

— பக்கத்து வீட்டுலயும் யாரும் இல்ல. உங்க மாப்பிள்ளை வர எப்படியும் பொழுது சாஞ்சுடும்.

— பார்த்தியா? வேண்டாம். நான் பார்த்துக்கறேன்.

— நத்தை மாதிரி ஓட்டுவியா?

— நத்தை முந்திக்கிட்டுப் போகும், அப்படி ஓட்டுறேன்.

— விளையாடாதே. ஒவ்வொரு திருப்பத்துலயும் நிறுத்தி, தலையை முழுசாத் திருப்பிப் பார்க்கணும். பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் நகரக் கூடாது.

— நகர மாட்டேன்.

— ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குள்ள போன பிறகுதான் வண்டியை எடுக்கணும்.

— அது எப்பவும் செய்யறதுதான்.

— முடிச்சதும் இங்கேதான் வரணும். டாக்டர்கிட்ட இப்பவே நேரம் கேட்டு வைக்கிறேன். என்னவா இருந்தாலும் சரி, நாங்க இருக்கோம் அண்ணா. உட்கார்ந்து செய்யற வேலையும் கத்துக்கலாம். பெட்டியை வலது பக்கம் வச்சுப் படிச்சா பாடம் வராதா என்ன? வரிக்கு வரி தலையைத் திருப்பிக்கலாம். எத்தனை நாள் ஆனாலும் நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தர்றேன்.

— சொல்லித் தருவ. அது எனக்குத் தெரியும்.

— இந்தா சாவி. நான் செய்யறது சரியான்னு எனக்கே தெரியல. போயிட்டு வா.

— ரைட்டு.

— நல்லவேளை, குருவி இன்னைக்கு வண்டியில இல்ல.

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல. வாயில வந்துடுச்சு.

— இல்ல, சொன்ன. நல்லவேளைன்ன.

— தப்புதான் அண்ணா. அந்தப் பதினொண்ணும் யாரோ ஒருத்தி பெத்த பிள்ளைங்கதான். என் பிள்ளை வீட்டுல பத்திரமா இருக்குன்னதும் சாவியை எடுத்துக் கொடுத்துட்டேன். கொடுத்த கை எனக்கே அசிங்கமா இருக்கு. நான் சொன்னதை நினைச்சுக்கிட்டே ஓட்டாதே.

— அழாதே. உன் மேல எனக்கு என்ன கோபம்? இந்தா.

— என்ன இது?

— சாவி. நீயே வச்சுக்கோ. முதலாளிக்குப் போன் போட்டுக் கொடு. நானே பேசுறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். திட்டினா திட்டட்டும், அவர் வந்து பிள்ளைங்களை ஏத்தட்டும்.

— இவ்வளவு நேரம் நான் தலையால அடிச்சுக்கிட்டேன், கேக்கல. நான் விட்டுக் கொடுத்ததும் நீ கொடுக்குறியே. நான் சொன்ன அந்த வார்த்தையாலயா?

— அந்த வார்த்தையாலதான். மிட்டாய் எதுக்குன்னு கேட்டல்ல? நான் சொல்லாம மழுப்பினேன்.

— அந்த விளையாட்டா?

— முன் சீட்டுல இடது ஓரம் குருவி. முதல்ல ஏறுறதும் கடைசியா இறங்குறதும் அவதான். ‘சைக்கிள் வருது மாமா, நாய் நிக்குது மாமா, ஒரு தாத்தா கடக்குறாரு மாமா’ன்னு அந்தப் பக்கம் இருக்கிறதை எல்லாம் நான் கேக்குறதுக்கு முன்ன சொல்லிடணும். விடாம சொல்லிட்டா மிட்டாய்.

— அண்ணா.

— ஒரு மாசமா அவ தோத்ததே இல்லம்மா. நல்லவேளைன்னு சொன்ன பாரு, அவ வண்டியில இல்லாம நான் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓட்டினது இன்னைக்குக் காலையில மட்டும்தான்.